வசதியான குடும்பத்தின் கொடையும் தியாகமும்: தோட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கை மலையகத்தில், எங்கள் தேயிலைத் தோட்டத்தின் டிவிசனிலிருந்து (தோட்டப் பிரிவிலிருந்து) ஹட்டன் டவுனுக்குப் போய் உயர்தரம் (பல்கலைக்கழகத்துக்கு முந்திய வகுப்பு) படிக்கும் பிள்ளைகளுக்காக ஒரு சிறிய கல்வி நிதி இருக்கிறது. அதன் கணக்குப் புத்தகம் என் பொறுப்பில் உள்ளது. நிதியின் பெரும்பகுதியைத் தருவது ஒரே குடும்பம். அவர்களுடைய பூட்டன் இதே தோட்டத்தில் பெரிய கங்காணியாக, அதாவது இந்தியாவிலிருந்து ஆட்களைக் கூட்டி வந்து வேலை வாங்கும் தலைவராக, இருந்தவர். அடுத்த தலைமுறை ஹட்டன் டவுனில் பலசரக்குக் கடை போட்டது. இன்று கொழும்பில் மொத்த வியாபாரம் செய்கிறார்கள். பெயரை எழுத வேண்டாம் என்று அவர்களே கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை.

கோவில் திருவிழாவிலும் சங்கக் கூட்டத்திலும் மரண வீட்டிலும் இந்தக் கொடையைப் பற்றி என்னிடம் கேட்கிறார்கள். சிலர் கோபத்தோடு கேட்கிறார்கள், சிலர் தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறார்கள். கேட்டவர்களின் சொற்களிலேயே கேள்விகளைப் போட்டு, எனக்குச் சரியென்று படும் பதிலை எழுதியிருக்கிறேன்.

அந்தக் குடும்பம் அப்படி என்னதான் கொடுக்கிறது?

உயர்தரத்தில் கணிதமோ விஞ்ஞானமோ எடுக்கும் பிள்ளைகளுக்கு மாதாந்த பஸ் செலவும் டியூஷன் கட்டணமும் தருகிறார்கள். காற்றில் கூரை போனபோது பாடசாலைக்குத் தகரம் வாங்கித் தந்தார்கள். பணம் நேராக நிதியின் வங்கிக் கணக்குக்கு வருகிறது. யாருக்குக் கொடுப்பது என்பதைப் பெற்றோரும் ஆசிரியர்களும் அடங்கிய குழு தீர்மானிக்கிறது. ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் வரவு செலவு முழுவதும் வாசிக்கப்படும். வந்து கேட்கலாம்.

கோடிக்கணக்கில் வைத்திருப்பவர்கள் ஒரு இலட்சம் கொடுத்தால் அது தியாகமா?

இல்லை. இதில் எனக்குத் தயக்கம் எதுவும் கிடையாது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாய் ஆனது. அந்தச் சம்பளத்தில் மாதம் 20 நாள் பேர் (ஒரு முழு நாள் வேலைக்கான பதிவு) கிடைத்தால் 27,000 ரூபாய். ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதம், அதாவது 2160 ரூபாய் போக, 24,840 மிஞ்சும். அதில் ஒருவர் 500 ரூபாய் கொடுத்தால் அது ஏறத்தாழ 2 வீதம். மாதம் 40 இலட்சம் வருமானமுள்ள குடும்பம் ஒரு இலட்சம் கொடுத்தால் அது 2.5 வீதம். வீதத்தைப் பார்த்தால் பணக்காரர்தான் கூடக் கொடுத்திருக்கிறார். ஆனால் கொடுத்த பிறகு ஒருவர் கையில் 24,340 ரூபாய் இருக்கிறது, மற்றவர் கையில் 39 இலட்சம் இருக்கிறது. முதலாமவர் வீட்டில் அந்த மாதம் பால்மா பைக்கற் ஒன்று குறையும். இரண்டாமவர் வீட்டில் ஒன்றும் குறையாது. கொடுத்த பிறகு வீட்டில் எது குறைந்தது என்று பார்த்தால்தான் தியாகத்தின் அளவு தெரியும்.

இதை உலகப் பெரும் பணக்காரர்களில் ஒருவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். அமெரிக்காவின் வாரன் பஃபெட் தன் சொத்தில் 99 வீதத்துக்கு மேல் தர்மத்துக்குக் கொடுப்பதாக உறுதி அளித்தவர். அதைப் பற்றி 2010இல் எழுதிய கடிதத்தில், இந்தக் கொடையால் தானும் தன் குடும்பமும் தேவையான எதையும், விரும்பும் எதையும் இழக்கப் போவதில்லை என்றும், தேவாலயத்துக்கும் பாடசாலைக்கும் சிறு தொகை போடும் சாதாரண மக்களே தங்கள் குடும்பத்துக்கு உதவக்கூடிய காசை விட்டுக்கொடுக்கிறார்கள் என்றும் சொல்லியிருந்தார். 99 வீதம் கொடுப்பவரே அப்படிச் சொல்லும்போது, 2.5 வீதம் கொடுப்பவரை மேடையில் ஏற்றித் தியாகி என்று அழைக்கக் கூடாது. எங்கள் கூட்டங்களில் அந்தச் சொல்லைத் தவிர்க்கும்படி கேட்டிருக்கிறேன்.

தியாகம் இல்லை என்று நீங்களே சொல்கிறீர்கள். பிறகு ஏன் கைநீட்டி வாங்குகிறீர்கள்?

கொடுப்பவருக்கு வலித்ததா என்பது ஒரு கேள்வி. வாங்கும் பிள்ளைக்குப் பயன்பட்டதா என்பது வேறு கேள்வி. இரண்டையும் சேர்த்துக் குழப்பிக்கொள்வதால்தான் இந்தச் சந்தேகம் வருகிறது. தகரத்தை வாங்கித் தந்தவர் பட்டினி கிடந்து தந்தாரா, ஏப்பம் விட்டுக்கொண்டு தந்தாரா என்பது மழைக்குத் தெரியாது.

இரசாயனவியல் படிக்க விரும்பிய பிள்ளை பஸ் செலவுக்குப் பயந்து கலைப்பிரிவுக்குப் போனதை நம் ஊரில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அப்படிப் போகாமல் தடுக்கும் காசு நல்ல காசு. கொடுத்தவரைத் தெய்வமாக்காமல் அதை வாங்கலாம்.

பெரிய கங்காணி பரம்பரை சேர்த்த சொத்துத்தானே? நம் பாட்டன் பூட்டன் உழைப்புத்தான் நமக்குத் திரும்பி வருகிறது. அதற்கு எதற்கு நன்றி?

இந்தக் கேள்வி எனக்கு மிக முக்கியமானது. கேட்பவர்களில் பலர் படித்த இளைஞர்கள். அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. வேலைக்கு வந்த ஒவ்வோர் ஆளுக்கும் கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்தது. இந்தியாவிலிருந்து கூட்டி வந்த செலவு தொழிலாளியின் தலையில் கடனாக எழுதப்பட்டது. அந்தக் கடனை யாராவது பொறுப்பேற்றால்தான் வேறு தோட்டத்துக்குப் போகத் ‘துண்டு’ என்ற அனுமதிச் சீட்டு கிடைக்கும். 1921இல் சட்டம் போட்டுத்தான் அந்தத் துண்டு முறையை ஒழித்தார்கள். அந்தக் காலத்தில் எழுந்த வீடும் கடையும் எந்த வியர்வையில் எழுந்தன என்று கேட்க நமக்கு உரிமை இருக்கிறது.

மலையில் விளைந்த செல்வம் வேறு இடங்களில் தர்மமாக மாறியதும் புதிதல்ல. கோப்பிக் காலத்தில் ஹங்குராங்கெத்தைப் பக்கம் தோட்டங்களால் வளர்ந்தது டி சொய்சா குடும்பம். அந்தக் குடும்பத்தின் சார்ள்ஸ் ஹென்றி டி சொய்சா 1876இல் மொரட்டுவையில் கல்லூரிகளைக் கட்டினார், 1879இல் கொழும்பில் மகப்பேற்று மருத்துவமனையைத் திறந்தார். எத்தனையோ தாய்மார் அங்கே உயிர் பிழைத்திருக்கிறார்கள். அதைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அந்தக் காலத்தில் கோப்பித் தோட்டங்களில் உழைக்க மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டுவழியே நடந்து வந்தவர்களின் பெண்கள் லயத்துக் காம்பராவில்தான் (தோட்டத்து வரிசை வீட்டின் அறையில்தான்) பிள்ளை பெற்றார்கள். கொடை யாரிடமிருந்து வந்தது என்பதோடு, யாரைத் தாண்டிப் போனது என்பதையும் பார்க்க வேண்டும்.

அப்படியானால் நன்றி? இன்று பணம் அனுப்பும் பேரப்பிள்ளைகள் யாருடைய தலைக்காசையும் வாங்கியவர்கள் அல்லர். அனுப்பாமலும் இருந்திருக்கலாம், யாரும் வழக்குப் போட்டிருக்க முடியாது. ஆகவே மரியாதையோடு ஒரு நன்றிக் கடிதம் எழுதுகிறோம். காலில் விழுந்து வணங்குவதில்லை. இந்தப் பழைய கதையை அந்தக் குடும்பத்திடம் நானே எடுத்துப் பேசியிருக்கிறேன். அவர்கள் கோபிக்கவில்லை. தங்கள் ஊர் இதுதான் என்பதால்தான் இங்கே கொடுக்கிறோம் என்றார்கள். அந்தப் பதில் எனக்குப் போதும்.

வேலைக்காரர்களுக்குச் சம்பளத்தைப் பாக்கி வைத்துவிட்டுக் கோவிலுக்குக் கோபுரம் கட்டிக் கொடுக்கிறார்களே சிலர், அது புண்ணியமா?

இது எங்கள் கொடையாளர்களைப் பற்றிய கேள்வி அல்ல, பொதுவாகக் கேட்கப்படுவது. சேமலாப நிதிக்கு முதலாளி கட்ட வேண்டியது 12 வீதம். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதம். ஐந்து வருடம் முடித்த நாட்சம்பளத் தொழிலாளிக்கு, 1983ஆம் ஆண்டின் சட்டப்படி, வேலை செய்த வருடம் ஒவ்வொன்றுக்கும் 14 நாள் சம்பளம் பணிக்கொடையாகச் சேர வேண்டும். இவையெல்லாம் கொடுத்தே தீர வேண்டிய கடன். கடனை அடைக்காமல் கொடுக்கும் தர்மம் அடுத்தவன் காசில் செய்யும் தர்மம்.

ஓய்வுபெற்றுப் பல வருடமாகியும் பணிக்கொடைக்காக அலுவலக வாசலில் காத்து நிற்கும் முதியவர்களை எனக்குத் தெரியும். அவர்களுக்குச் சேர வேண்டியதை நிறுத்தி வைத்துக்கொண்டு யாராவது கும்பாபிஷேகத்துக்குக் காசு நீட்டினால், கோவில் நிர்வாகம் அதை வாங்கக் கூடாது என்பதே என் கருத்து. வாங்கினால் அந்த முதியவர்களின் காசில் கும்பம் ஏறியிருக்கிறது என்று பொருள். இதை நான் கோவில் கூட்டத்தில் சொன்னபோது சிலருக்குப் பிடிக்கவில்லை. இருந்தாலும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

பெயர்ப்பலகை போட்டுக்கொள்வது தவறா? படம் எடுப்பது?

பெயர்ப்பலகையால் யாருக்கும் பெரிய கெடுதி இல்லை. இன்னார் உபயம் என்று எழுதும் வழக்கம் நம் கோவில்களில் நெடுங்காலமாக இருக்கிறது. பெயரை விரும்புகிறவர் பெயரைப் பெற்றுக்கொண்டு போகட்டும்.

படம் வேறு விடயம். பிள்ளையின் கையில் உறையைக் கொடுத்து, கமராவைப் பார்த்துச் சிரிக்கச் சொல்லும்போது அந்தப் பிள்ளையின் முகத்தை நான் கவனித்திருக்கிறேன். பதினேழு வயதுப் பிள்ளைக்கு, தன் வறுமையை வகுப்பிலுள்ள எல்லோரும் தொலைபேசியில் பார்க்கப் போகிறார்கள் என்று தெரியும். எங்கள் நிதியில் படம் கிடையாது. கொடுக்கும் குடும்பம் தொடக்கத்தில் கேட்டது, காரணம் சொன்னதும் விட்டுவிட்டது.

பழைய துணியும் உடைந்த கணினியும் கொடுக்கிறார்கள். அதுவும் கொடையா?

கொடுப்பவர் தானே உடுத்தவோ பயன்படுத்தவோ கூடிய நிலையில் அந்தப் பொருள் இருந்தால் கொடை. இல்லாவிட்டால் வீட்டைத் துப்புரவு செய்திருக்கிறார், அவ்வளவுதான். 2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்தபோதும், 2025 நவம்பரில் டித்வா புயல் மலைநாட்டைப் புரட்டிப் போட்டபோதும் மக்கள் உடுத்த துணியோடுதான் வெளியே ஓடி வந்தார்கள். அப்படிப்பட்டவர்களுக்கு வரும் மூட்டையைப் பிரித்தால் பொத்தான் இல்லாத சட்டையும் ஒற்றைச் சப்பாத்தும் இருக்கக் கூடாது.

சமயம் எவ்வளவு கொடுக்கச் சொல்கிறது?

இஸ்லாத்தில் கணக்குத் தெளிவாக இருக்கிறது. குறித்த அளவுக்கு மேல் ஒரு வருடம் கையிலிருக்கும் செல்வத்தில் 2.5 வீதம் ஸகாத்தாகக் கொடுக்க வேண்டும். அது கடமை, அதற்கு மேல் விரும்பிக் கொடுப்பது ஸதகா. கிறிஸ்தவர்களிடம் தசமபாகம், பத்தில் ஒன்று. நம் சைவத்தில் இத்தனை வீதம் என்று எல்லோருக்கும் பொதுவாக விதித்த கணக்கு இல்லை. கடமையை வேறாகவும் அதற்கு மேற்பட்டதை வேறாகவும் வைக்கும் அந்த இஸ்லாமிய முறை எனக்கு மிகவும் பிடிக்கும். கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டு யாரும் தியாகம் என்று சொல்லிக்கொள்ள முடியாது.

எல்லாவற்றையும் கொடுத்துவிட்டுச் சாதாரணமாக வாழ்ந்த பணக்காரர் யாராவது உண்டா? அல்லது எல்லாம் கதைதானா?

உண்டு. சக் ஃபீனி என்ற அமெரிக்கர் விமான நிலைய வரியற்ற கடைகளால் பெரும் செல்வம் சேர்த்தவர். 1984இல் தன் பங்கை யாருக்கும் தெரியாமல் ஓர் அறக்கட்டளைக்கு எழுதி வைத்தார். 1997 வரை வெளியுலகுக்கு விடயம் தெரியாது. ஏறத்தாழ 800 கோடி டொலரைக் கொடுத்து முடித்து, 2020இல் அறக்கட்டளையையே மூடினார். 2023இல் காலமானார். கடைசிக் காலத்தில் அவர் இருந்தது சான் பிரான்சிஸ்கோவில் ஒரு வாடகை வீட்டில்.

நம் நாயன்மார்களில் இளையான்குடி மாறனாரின் கதையை இதோடு வைத்துப் பார்க்கிறேன். செல்வம் இருந்த காலத்தில் அடியார்களுக்குத் தினமும் அமுது படைத்தார். அதை மட்டும் செய்திருந்தால் அவரும் ஊரிலிருந்த நல்ல பணக்காரர்களில் ஒருவர். செல்வம் எல்லாம் போன பிறகு, மழை கொட்டும் நள்ளிரவில் பசியோடு ஓர் அடியார் வந்து நின்றார். பகலில் வயலில் விதைத்த நெல்லை இருட்டில் போய் அரித்து எடுத்து வந்தார். விறகு இல்லாமல் கூரை வரிச்சை அறுத்து அடுப்பெரித்தார்கள். அடுத்த போகமும் வீட்டுக் கூரையும் அந்த ஒரு வேளைச் சோற்றுக்குள் போயின. விதைநெல்லை எடுத்து வரலாம் என்று வழி சொன்னவர் அவருடைய மனைவி என்பதையும் மறக்கக் கூடாது. குடும்பத்தின் கொடை என்றால் குடும்பத்தில் எல்லோரும் அறிந்து, எல்லோரும் சேர்ந்து குறைத்துக்கொள்வது.

நாங்களே வாங்கித் தின்கிறவர்கள். எங்களிடம் ஏன் நிதிக்குக் காசு கேட்கிறீர்கள்?

நாங்கள் கேட்பதில்லை, வந்தால் வாங்குகிறோம். வாங்கித் தின்கிறவர்கள் என்று நம்மை நாமே சொல்லிக்கொள்வதையும் நான் ஏற்கவில்லை. மரண உதவிச் சங்கம் யாருடைய காசில் நடக்கிறது? ஒரு வீட்டில் சாவு விழுந்தால் லயத்தில் எத்தனை வீடுகளிலிருந்து அரிசியும் சீனியும் தேயிலையும் போகின்றன? புயல் நேரத்தில் நிவாரண லொறி வருவதற்கு முன்பே பக்கத்து லயத்தில் சோறு பொங்கியாயிற்று. இவற்றுக்குப் பெயர்ப்பலகை இல்லாததால் கணக்கில் வருவதில்லை.

ஒரு நாள் மாலை கொழுந்து நிறுவை முடிந்து, இடுப்பில் சுற்றிய நனைந்த படங்குத் துணியோடு ஒரு பாட்டி என் வீட்டுத் திண்ணைக்கு வந்தார். ஓய்வு பெற்ற பிறகும் கைக்காசுக்குக் கொழுந்து பறிப்பவர். சுருக்குப் பையிலிருந்து ஈரமான நூறு ரூபாய்த் தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்து என் மேசையில் வைத்தார், 500 ரூபாய். கண்ணாடி வாங்கச் சேர்த்த காசு. பக்கத்துக் காம்பராப் பிள்ளை டியூஷனை நிறுத்தப் போகிறது என்று கேள்விப்பட்டு வந்திருந்தார். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். “ஏன், என் காசு செல்லாதா?” என்று கேட்டார். வாங்கிக்கொண்டு பற்றுச்சீட்டு எழுதினேன். கண்ணாடியை அவர் அந்த வருடம் வாங்கவில்லை. கொழும்புக் குடும்பத்தின் இலட்சத்துக்கும் இந்த ஐந்நூறுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கேட்பவர்களுக்கு அந்தப் பற்றுச்சீட்டின் அடிக்கட்டையைக் காட்டுவேன். காணிக்கைப் பெட்டியில் இரண்டு சிறு காசு போட்ட ஏழை விதவையை இயேசு சுட்டிக்காட்டியதும் இதே காரணத்துக்காகத்தான். மற்றவர்கள் தங்கள் நிறைவிலிருந்து போட்டார்கள், அவள் தன் பிழைப்புக்கு இருந்ததைப் போட்டாள்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். இப்படிப்பட்ட தியாகத்தை யாரும் கேட்டு வாங்கக் கூடாது. விருப்பம் கேட்காமல் செக்ரோலில் (சம்பளப் பதிவேட்டில்) பிடித்துக்கொள்ளும் திருவிழாக் காசு தியாகமும் அல்ல, கொடையும் அல்ல. ஏழையின் தியாகத்தைப் பாராட்டிப் பேசுகிறவர்களில் சிலர் அதை வசூலிக்கும் வழியாகவும் வைத்திருக்கிறார்கள்.

கொடுக்கும் பெரிய வீடுகளில் நம் பிள்ளைகள்தானே சமைக்கிறார்கள், துடைக்கிறார்கள்? அதைப் பற்றி ஏன் பேசுவதில்லை?

பேச வேண்டும். கொழும்பு வீடுகளில் வேலைக்கு நிற்கும் பெண்களில் எத்தனையோ பேர் தோட்டத்துப் பெண்கள். சம்பளத்தைப் பற்றி மேலே சொன்னது வீட்டுக்குள்ளும் பொருந்தும். கொடை கொடுக்கும் குடும்பத்தைப் பற்றி நான் முதலில் கேட்டறிவது அவர்கள் வீட்டில் வேலை செய்பவருக்கு ஞாயிற்றுக்கிழமை ஓய்வு உண்டா, தீபாவளிக்கு ஊருக்கு அனுப்புகிறார்களா, சம்பளம் யார் கைக்குப் போகிறது என்பதைத்தான். எங்கள் கொடையாளர் குடும்பத்திடமும் கேட்டேன். சங்கடமான கேள்விதான். நேராகப் பதில் சொன்னார்கள், அதனால் தொடர்ந்து வாங்குகிறோம்.

அப்படியென்றால் பணக்காரன் என்ன செய்தாலும் தியாகம் ஆகாதா? இது அநியாயம் இல்லையா?

பணத்தால் செய்வது அவர்களுக்குக் கடினம், ஃபீனி அளவுக்குப் போனால் தவிர. ஆனால் அவர்களுக்குப் பணத்தை விட அருமையான சில இருக்கின்றன. அவற்றில் முதலாவது, தான் சொன்னபடி நடக்க வேண்டும் என்ற அதிகாரம். இந்தக் குடும்பம் தொடக்கத்தில் தங்கள் சொந்தக்காரப் பிள்ளைகள் மூவரின் பெயரை எழுதி அனுப்பியது. குழு ஏற்கவில்லை. அந்தப் பிள்ளைகளை விடக் கஷ்டப்படும் பிள்ளைகள் பட்டியலில் இருந்தார்கள். ஒரு மாதம் பணம் வரவில்லை, தொலைபேசியும் இல்லை. பிறகு பணமும் வந்தது, தெரிவைக் குழுவிடமே விடுகிறோம் என்ற கடிதமும் வந்தது. சொந்தக்காரர்கள் இன்றும் அவர்களோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லையாம். அந்தக் கடிதம் அவர்கள் கொடுத்த எல்லா இலட்சங்களையும் விட அவர்களுக்குக் கூடுதலாக வலித்திருக்கும். நான் தியாகம் என்று ஒத்துக்கொள்வது அதைத்தான்.

நேரமும் அப்படித்தான். அந்த வீட்டு மகள் கணக்காளர். அவர் வருடத்தில் சில சனிக்கிழமைகள் கொழும்பிலிருந்து இரவு ரயிலில் வந்து எங்கள் பிள்ளைகளுக்குக் கணக்கீடு சொல்லிக் கொடுக்கிறார். காசோலையில் கையெழுத்துப் போட ஒரு நிமிடம் போதும். இது அப்படியல்ல.

உதவி வாங்கிப் படித்த பிள்ளை பிறகு திருப்பிக் கொடுக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. ஆசிரியராகிவிட்ட ஒருவரும் தாதியான ஒருவரும் இப்போது மாதாமாதம் அனுப்புகிறார்கள், யாரும் கேட்கவில்லை. வேலை கிடைத்ததும் இத்தனை வருடம் கட்ட வேண்டும் என்று படிவத்தில் ஒரு வரி சேர்க்கலாம் என்று குழுவில் ஒருவர் சொன்னார். நான் எதிர்த்தேன். கடனை எழுதி வைத்துத்தான் நம் முன்னோர்களைக் கட்டிப் போட்டார்கள் என்பதை மேலே பார்த்தோம். பரீட்சையில் தவறிய பிள்ளைக்கும் இதே பதில்தான். இரண்டாம் முறை எழுதுகிறேன் என்று வந்தால் அதே உதவி உண்டு. படிவத்தில் பெயர், பாடப்பிரிவு, பஸ் பாதை, பெற்றோர் கையொப்பம் ஆகியவை மட்டும் இருக்கின்றன. என் வீட்டிலோ பாடசாலையிலோ வாங்கிக்கொள்ளலாம்.